வருமான வரி நோட்டீஸ் புரியவில்லையா? கடிதத்தில் தெரிவதை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

வருமான வரித்துறையின் பெயரைப் பார்த்ததுமே பலருக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. சிலர் கேட்ட பணத்தை அன்றைக்கே கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர் கடிதத்தைப் பீரோவில் வைத்துவிட்டு, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டுமே நஷ்டம்தான். முதலாவதில் கட்டவே வேண்டாத பணம் போய்விடலாம். இரண்டாவதில் பதில் சொல்லும் நாள் போய்விடும், பின்னாலேயே வட்டியும் ஏறும்.

சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள், சிறு வியாபாரிகளுக்கு வழக்கமாக வருபவை ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும், பெங்களூரில் இருக்கும் சிபிசி மையத்தின் கணினி தானாகத் தயாரித்து அனுப்பும் கடிதங்கள். எந்த அதிகாரியும் உங்கள் மேல் சந்தேகப்பட்டு உட்கார்ந்து எழுதியவை அல்ல. நீங்கள் ரிட்டர்னில் போட்ட ஏதோ ஒரு எண், வங்கியோ முதலாளியோ சார்பதிவாளரோ துறைக்குக் கொடுத்த எண்ணோடு ஒத்துப்போகவில்லை. அது எந்த எண் என்று தேடுவதுதான் நம் வேலை. அதைக் கண்டுபிடிக்காமல் பணமும் கட்டாதீர்கள், பதிலும் போடாதீர்கள்.

பிரிவு எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான். அந்த ஆண்டுகளுக்கான கடிதங்களில் பழைய எண்களே இருக்கும். இங்கேயும் அவற்றையே பயன்படுத்துகிறேன்.

கடிதம் உண்மையா என்றே தெரியவில்லை

மற்ற எதற்கும் முன்னால் இதைப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறை அனுப்பும் கடிதங்களில் டிஐஎன் என்ற ஆவண அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. வருமான வரித்துறையின் இ-ஃபைலிங் தளத்தின் முகப்பிலேயே, லாகின் செய்யாமலே, நோட்டீஸை உறுதிசெய்யும் வசதி இருக்கிறது. 'ஆதென்டிகேட் நோட்டீஸ்' என்று தொடங்கும் இணைப்பு அது. அதில் டிஐஎன் எண்ணையும் உங்கள் மொபைல் எண்ணையும் போட்டால் ஒடிபி வரும். அதைக் கொடுத்ததும் அப்படியொரு கடிதம் துறையிலிருந்து போனதா இல்லையா என்று சொல்லிவிடும்.

இன்னும் எளிய சோதனையும் உண்டு. மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ வந்த லிங்க்கைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டி உள்ளே போங்கள். 'பெண்டிங் ஆக்ஷன்ஸ்' என்ற பகுதியில் 'இ-ப்ரொசீடிங்ஸ்', 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' என்ற இரண்டையும் திறந்து பாருங்கள். நோட்டீஸ் உண்மையென்றால் அதன் தடம் அங்கே இருக்கும். "உங்கள் ரீஃபண்ட் 15,490 ரூபாய் தயார், கணக்கு விவரத்தை உறுதிசெய்யவும்" என்று வருவதெல்லாம் மோசடி. துறை ஒருபோதும் மெயிலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ போனிலோ பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், ஒடிபி கேட்காது. வரியை ஏதோ ஒரு யுபிஐ எண்ணுக்கு அனுப்பச் சொல்லவும் செய்யாது.

பிடிஎஃப் திறக்கவே மாட்டேன் என்கிறது

பாஸ்வேர்டு உங்கள் பான் எண்ணும் பிறந்த தேதியும்தான். பான் எழுத்துகள் சிறிய எழுத்தில், அதையொட்டி நாள், மாதம், ஆண்டு எட்டு இலக்கமாக, நடுவில் இடைவெளியோ கோடோ இல்லாமல். பான் கார்டில் பிறந்த தேதி தவறாக அச்சாகியிருந்தால் அந்தத் தவறான தேதியையே போட வேண்டும். சான்றிதழில் உள்ள தேதியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து நொந்துபோனவர்கள் உண்டு.

143(1) என்று வந்திருக்கிறது, கடைசியில் ஒரு தொகை கட்டச் சொல்கிறது

இதுதான் எல்லோருக்கும் வரும் கடிதம். பெயர் 'இன்டிமேஷன்'. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் இதை அனுப்பிவிட வேண்டும். ரிட்டர்ன் போட்ட யாருக்கும் வருவதுதான், குற்றம் செய்தவர்களுக்கு மட்டும் வருவதல்ல. கடைசி வரியில் கட்ட வேண்டியது பூஜ்யம் என்று இருந்தால் சேமித்து வைத்துக்கொண்டு உங்கள் வேலையைப் பார்க்கலாம். கேட்பது 100 ரூபாய்க்குள் என்றால் அதையும் வசூலிக்க மாட்டார்கள்.

பெரிய தொகை கேட்டிருந்தால், கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் இருக்கும் நீண்ட அட்டவணைக்கு வாருங்கள். அதில் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே இரண்டு கட்டங்கள்: நீங்கள் சொன்னது ஒன்று, துறை கணக்கிட்டது ஒன்று. சம்பள வருமானத்தில் தொடங்கி, விரலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். இரண்டு கட்டமும் முதன்முதலாக எந்த வரிசையில் வேறுபடுகிறதோ அதுதான் விஷயம். அதற்குக் கீழே வேறுபடும் மற்ற எண்கள் எல்லாம் பெரும்பாலும் அந்த ஒரே வரிசையின் விளைவுகள்தான். வரி மாறும், செஸ் மாறும், வட்டி மாறும். பார்த்தால் பத்து இடத்தில் தப்பு இருப்பதுபோலத் தோன்றும்.

வேறுபடும் வரிசை டிடிஎஸ், அதாவது பணம் உங்கள் கைக்கு வரும் முன்பே பிடித்துக்கொண்ட வரி, என்றால்: வருமானமெல்லாம் சரியாக இருக்கும், வரிக் கணக்கும் சரியாக இருக்கும், பிடித்த வரிக்கு எதிரே மட்டும் துறையின் கட்டத்தில் குறைந்த தொகையோ பூஜ்யமோ நிற்கும். "எல்லாம் ஆபீஸ்லயே பிடிச்சிட்டாங்களே, இன்னும் எதுக்குக் கட்டணும்?" என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. நியாயமான கேள்வி. உங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை இறக்கிப் பாருங்கள். அதில் அந்தத் தொகை இல்லையென்றால், பிடித்தவர் அரசுக்குக் கட்டவில்லை, அல்லது கட்டிவிட்டுக் காலாண்டு அறிக்கை கொடுக்கவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து வேறு யாருக்கோ வரவு வைத்துவிட்டார். இந்த மூன்றையும் அவர்தான் திருத்த முடியும். டிடிஎஸ் கணக்குக்கான டிரேசஸ் தளத்தில் திருத்திய அறிக்கை கொடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மெயிலில் கேட்டாலும் போதும். அது 26ஏஎஸ்ஸில் ஏறிய பிறகு, இ-ஃபைலிங் தளத்தில் 'ரெக்டிஃபிகேஷன்' எனும் பிழை திருத்தும் பகுதியில் வரி வரவுக்கான திருத்தத்தைக் கேளுங்கள்.

கம்பெனியே மூடிவிட்டது, அல்லது பதிலே சொல்லவில்லை என்றால்? சட்டத்தின் 205ஆம் பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் சம்பளத்தில் வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்தவர் கட்டாததற்காக அதே வரியை உங்களிடம் மறுபடி கேட்கக் கூடாது. ஆனால் பிடித்ததை நிரூபிக்க வேண்டியது நீங்கள். பிடித்தம் தெரியும் சம்பளச் சீட்டுகள், பிடித்தது போக மீதித் தொகை வரவானதைக் காட்டும் வங்கிக் கணக்கு, ஃபார்ம் 16 எல்லாம் வேண்டும். ஃபார்ம் 16இன் முதல் பகுதி டிரேசஸ் தளத்திலிருந்து இறக்கியதாக இருக்க வேண்டும். கம்பெனி தானே டைப் செய்து கொடுத்த தாள் மட்டும் கையில் இருந்தால், வேலையை விடும் முன்பே டிரேசஸ் படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வேறுபடும் வரிசை சம்பள நிலுவைக்கான 89ஆம் பிரிவு நிவாரணம் என்றால், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஓய்வு பெற்றவர்களும் விழுகிற குழி இது. ஊதியத் திருத்தத்தாலோ வழக்கின் முடிவாலோ பல ஆண்டு நிலுவை மொத்தமாக ஒரே ஆண்டில் கைக்கு வரும். அந்த ஆண்டு வரி எகிறும். அதைச் சமன் செய்ய 89ஆம் பிரிவில் நிவாரணம் உண்டு. அலுவலகத்திலேயே கணக்குப் போட்டு, ஃபார்ம் 16இலும் கழித்துக் கொடுத்துவிடுவார்கள். ஊழியர் அதை அப்படியே ரிட்டர்னில் போடுவார். ஆனால் தளத்தில் ஃபார்ம் 10ஈ என்று தனியாக ஒன்றைத் தாக்கல் செய்திருக்க வேண்டும், அதுவும் ரிட்டர்னுக்கு முன்னால். அது இல்லையென்றால் கணினி நிவாரணத்தை முழுசாக வெட்டிவிட்டு, வட்டியோடு நோட்டீஸ் அனுப்பும். உரிமை உள்ள பணம், ஒரு படிவம் போடாததால் போகிறது.

இந்த வரிசைதான் உங்கள் கடிதத்திலும் வேறுபடுகிறது என்றால் பணத்தைக் கட்டி முடித்துவிடாதீர்கள். முதலில் 10ஈ படிவத்தைத் தாக்கல் செய்யுங்கள். எந்த ஆண்டுக்கு எவ்வளவு நிலுவை என்று பிரித்துக் காட்டும் தாளைச் சம்பளம் வழங்கும் அலுவலகத்தில் வாங்கினால்தான் அதை நிரப்ப முடியும். அப்புறம் பிழை திருத்தத்துக்கான 154ஆம் பிரிவின்கீழ் ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கக் கேளுங்கள். முதல் முறை நிராகரித்தாலும் அதோடு கதை முடிவதில்லை. உங்கள் பகுதி மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

வேறுபடுவது 80சி சேமிப்புக் கழிவு, வீட்டுக் கடன் வட்டி, வீட்டு வாடகைப்படி எல்லாம் ஒட்டுமொத்தமாக என்றால், ரிட்டர்ன் போட்ட தேதியைப் பாருங்கள். மதிப்பீட்டு ஆண்டு 2024-25 முதல், அதாவது 2023-24 நிதியாண்டின் வருமானத்திலிருந்து, புதிய வரி முறைதான் இயல்பான முறை. கெடு தாண்டிப் போட்டவர்கள் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரே ஒரு நாள் தாமதமானாலும் சரி, இந்தக் கழிவுகள் எல்லாம் போய்விடும். வியாபார வருமானம் உள்ளவர்கள் பழைய முறைக்குப் போக ஃபார்ம் 10-ஐஇஏ கொடுத்திருக்க வேண்டும். தாமதம் உண்மை என்றால் இந்த நோட்டீஸ் சரியானது. வாதாடி நாளைக் கடத்தாமல் கட்டிவிடுவதே மேல்.

வேறுபடுவது நீங்களே கட்டிய வரி என்றால், சலானை எடுங்கள். பணம் போயிருக்கும், ஆனால் மதிப்பீட்டு ஆண்டை மாற்றிப் போட்டிருப்பீர்கள். முன்கூட்டிய வரிக்குக் குறியீடு 100, ரிட்டர்னோடு கட்டுவதற்கு 300, நோட்டீஸுக்குப் பிறகு கட்டுவதற்கு 400, இவையும் மாறியிருக்கலாம். ஆண்டைத் தளத்திலேயே திருத்த ஏழு நாள்தான் அவகாசம். நோட்டீஸ் வரும்போது அது தாண்டியிருக்கும் என்பதால், சலான் நகலோடு மதிப்பீட்டு அதிகாரிக்குத்தான் எழுத வேண்டும்.

வட்டி மட்டும் வேறுபட்டால், 234பி, 234சி என்ற வரிசைகளைப் பாருங்கள். ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வரி பாக்கி வரும் என்று தெரிந்தும் முன்கூட்டிக் கட்டாததற்கான வட்டி அது. வியாபாரமோ தொழிலோ இல்லாத 60 வயது தாண்டியவர்களுக்கு முன்கூட்டிய வரியே கிடையாது. ஓய்வூதியருக்கு இந்த வட்டி போட்டிருந்தால், பான் கார்டில் பிறந்த ஆண்டு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

காரணம் தெரிந்த பிறகுதான் பதில். 'ரெஸ்பான்ஸ் டு அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்' பகுதியில் இரண்டு வழி கொடுத்திருப்பார்கள்: கேட்டது சரி என்று ஒப்புக்கொள்வது, முழுவதுமோ ஒரு பகுதியோ ஏற்கவில்லை என்று சொல்வது. 'சரி' என்று அழுத்திவிட்டால் பிறகு அந்தப் பக்கத்தில் மறுக்க முடியாது. ஆகவே யோசிக்காமல் அதைத் தொடாதீர்கள். கேட்கும் தொகையை 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தாண்டினால் 220(2) பிரிவின்படி மாதத்துக்கு ஒரு சதவீதம் வட்டி. மேல்முறையீட்டுக்கும் 30 நாள்தான். ரெக்டிஃபிகேஷனுக்கு மட்டும் தாராளமாக, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை நேரம் உண்டு. ஆனால் அதில் புதிதாக ஒரு கழிவு கேட்க முடியாது, பதிவில் தெரியும் பிழையை மட்டும்தான் திருத்த முடியும். மறந்துபோன கழிவுக்கு, கெடு இருக்கும்போதே திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும்.

ரிட்டர்ன் 'டிஃபெக்டிவ்' என்கிறது

139(9) பிரிவு. பதில் கொடுக்க 15 நாள். கேட்டால் நீட்டித்துத் தரலாம். விட்டுவிட்டால் ரிட்டர்ன் போடாதது போலவே ஆகிவிடும், அதனால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. கடிதத்திலேயே பிழை எண்ணும், என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பும் இருக்கும். அதை முழுசாகப் படித்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். அடிக்கடி பார்ப்பது: டிடிஎஸ்ஸை உரிமை கோரியிருப்பார், ஆனால் அந்த டிடிஎஸ் பிடிக்கப்பட்ட வருமானத்தை எங்கும் காட்டியிருக்க மாட்டார். வைப்புத்தொகை வட்டி, கான்ட்ராக்ட் வரவு இரண்டிலும் இது நடக்கும். பங்கு விற்ற லாபம் இருந்தும் பொருந்தாத ஐடிஆர் படிவத்தைத் தேர்ந்தெடுப்பது இன்னொன்று. சரிசெய்த ரிட்டர்னை அந்த நோட்டீஸுக்கான பதிலாகவே ஏற்ற வேண்டும், புது ரிட்டர்னாக அல்ல.

ரீஃபண்ட் வர வேண்டிய இடத்தில், பழைய பாக்கிக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்கிறது

இது 245ஆம் பிரிவுக் கடிதம். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஓர் ஆண்டின் பாக்கி அதில் இருக்கலாம். கையால் பதிவேடு எழுதிய காலத்து பாக்கிகளைக் கணினியில் ஏற்றியபோது, கட்டிய சலானைக் கணக்கில் எடுக்காமல் விட்டவை பல உண்டு. கடிதத்தில் சொன்ன நாளுக்குள், வழக்கமாக 21 நாள், ஏற்கவில்லை என்று பதில் போட வேண்டும். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ரீஃபண்டைக் கழித்துவிடுவார்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி. 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், 2009-10 நிதியாண்டு வரைக்குமான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரைக்குமான 10,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும் ரத்து செய்வதாக அறிவித்து, ஒருவருக்கு மொத்தம் ஒரு லட்சம் என்ற வரம்போடு நடைமுறைப்படுத்தினார்கள். உங்கள் பாக்கி அதற்குள் வந்தும் இன்னும் தளத்தில் நிற்கிறது என்றால், அதைச் சுட்டிக்காட்டிப் புகார் பதிவு செய்யுங்கள்.

ரிட்டர்ன் போட்டேன், போடவில்லை என்கிறது

ரிட்டர்னை ஏற்றியதோடு வேலை முடியவில்லை. ஆதார் ஒடிபி மூலமோ நெட்பேங்கிங் மூலமோ 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும், அல்லது கையெழுத்திட்ட ஒப்புகைச் சீட்டைப் பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். 2022 ஆகஸ்டுக்கு முன்பு 120 நாள் இருந்தது. அந்தப் பழைய நினைப்பில் விட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 30 நாள் கழித்துச் செய்தால், செய்த நாள்தான் ரிட்டர்ன் போட்ட நாள். அது கெடுவுக்குப் பிறகு என்றால் 5,000 ரூபாய் தாமதக் கட்டணம். வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் 1,000. தாமதத்தைப் பொறுக்கக் கேட்கும் விண்ணப்பம் தளத்திலேயே இருக்கிறது.

'பெரிய பரிவர்த்தனை', 'முரண்பாடு' என்று மெசேஜ் வந்திருக்கிறது

இது பெரும்பாலும் நோட்டீஸே இல்லை, நினைவூட்டல். சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு ரொக்கம் போட்டால் வங்கி துறைக்குச் சொல்லும். 30 லட்சத்துக்கு இடம் வாங்கினாலோ விற்றாலோ சார்பதிவாளர் சொல்வார். கிரெடிட் கார்டுக்கு ரொக்கமாக ஒரு லட்சமோ மற்ற வழிகளில் 10 லட்சமோ கட்டினாலும் தகவல் போகும். இவை எல்லாம் ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் வரிசையாக இருக்கும். அதைத் திறந்து, எந்தப் பதிவைப் பற்றிய மெசேஜ் என்று பாருங்கள்.

பணம் உங்கள் கணக்கில் வந்ததாலேயே அது உங்கள் வருமானம் ஆகிவிடாது. ஊர்த் திருவிழா வசூலைப் பொருளாளர் தன் சொந்தக் கணக்கில் போட்டு எடுத்திருப்பார். அண்ணன் தம்பி நான்கு பேர் சேர்ந்து விற்ற வீட்டின் முழுத் தொகையும் ஒவ்வொருவர் பெயரிலும் ஏறியிருக்கும். ஏஐஎஸ்ஸில் அந்தப் பதிவுக்கு எதிரே கருத்துச் சொல்லும் வசதி உண்டு. தகவலில் ஒரு பகுதி சரியில்லை, இரண்டு முறை பதிவாகியிருக்கிறது, வேறு பானுக்கோ ஆண்டுக்கோ உரியது, எனக்குச் சம்பந்தமே இல்லை என்பவற்றில் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்து உங்கள் பங்கைப் போடுங்கள். திருவிழாக் கணக்கு என்றால் வரவு செலவு நோட்டும் கமிட்டித் தீர்மானமும் இருக்கட்டும். வாயால் சொல்லும் விளக்கம் செல்லாது.

மெசேஜ் சொல்வது உண்மை, நீங்கள்தான் காட்ட மறந்தீர்கள் என்றால், கெடு இருந்தால் திருத்திய ரிட்டர்ன். அது தாண்டியிருந்தால் புதுப்பித்த ரிட்டர்ன் எனப்படும் ஐடிஆர்-யு: நான்கு ஆண்டு வரை போடலாம், வரி, வட்டியின் மேல் கூடுதலாக 25 முதல் 70 சதவீதம் வரை கட்ட வேண்டும். சீக்கிரம் போட்டால் குறைவு.

கிராமத்து நிலத்தை விற்றேன், லாபத்துக்கு வரி எங்கே என்று கேட்கிறது

கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்து அல்ல. விற்ற லாபத்துக்கு வரி கிடையாது. ஆனால் எது கிராமப்புறம் என்பதற்குச் சட்டத்தில் கணக்கு இருக்கிறது. பத்தாயிரத்துக்குக் குறையாத மக்கள்தொகை உள்ள நகராட்சி எல்லைக்குள் இருக்கக் கூடாது. அந்த எல்லையிலிருந்து நேர்க்கோட்டுத் தூரத்தில், மக்கள்தொகை ஒரு லட்சம் வரை என்றால் 2 கிலோமீட்டர், 10 லட்சம் வரை என்றால் 6, அதற்கு மேல் என்றால் 8 கிலோமீட்டருக்குள்ளும் வரக் கூடாது. சாலைவழித் தூரம் இதற்கு உதவாது. பட்டா, சிட்டா, விவசாயம் நடந்ததைக் காட்டும் அடங்கல், கிரயப் பத்திரம், தூரத்துக்கு வட்டாட்சியர் அல்லது கிராம நிர்வாக அலுவலரின் சான்று ஆகியவற்றை இணைத்துப் பதில் கொடுங்கள். நிலம் அந்த எல்லைக்குள் விழுந்தால் நெல் விளைந்தாலும் வரி உண்டு.

வரிக்குரிய மனையாகவோ வீடாகவோ இருந்தால் வழிகாட்டி மதிப்பையும் பார்க்க வேண்டும். பத்திரத்தில் 40 லட்சம், வழிகாட்டி மதிப்பு 46 லட்சம் என்றால் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டுவதால் 46 லட்சத்துக்கு விற்றதாகத்தான் கணக்கு.

வீடு வாங்கினேன், காசியாபாத்தில் இருக்கும் டிடிஎஸ் மையத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது

50 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் கொடுத்து வாங்குபவர், விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதம் பிடித்து, பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் ஃபார்ம் 26கியூபி மூலம் கட்ட வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய், வரித்தொகை வரைக்கும். தாமதம் உண்மை என்றால் கட்டுவதைத் தவிர வழியில்லை. திடீரென்று 20 சதவீதம் கட்டச் சொன்னால், விற்றவரின் பான் ஆதாரோடு இணைக்கப்படாமல் செயலற்றுப்போயிருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் சிக்கியவர்களுக்கு நிவாரணம் தரும் சுற்றறிக்கை ஒன்று, எண் 9/2025, 2025 ஜூலையில் வந்தது. பணம் கொடுத்த தேதியும் அவர் இணைத்த தேதியும் அதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

இறந்துபோன அப்பாவின் பெயரில் வந்திருக்கிறது

மனதை நோகடிக்கும் கடிதம்தான், ஆனால் கிழித்துப் போடாதீர்கள். இறப்புச் சான்றிதழ், அவருடைய பான், வாரிசுச் சான்றிதழ் ஆகியவற்றோடு, உங்கள் லாகினில் சட்டப்படியான வாரிசாகப் பதிவு செய்துகொண்டால் அவர் சார்பில் பதில் கொடுக்கலாம். அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் உங்கள் பொறுப்பு. உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை.

தெரியாத கம்பெனியின் பெயரில் வருமானம் காட்டுகிறது

கூலி வேலை பார்ப்பவர்களின் பான், ஆதாரை வைத்துப் போலி நிறுவனம் பதிவு செய்வது தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. கடன் வாங்கித் தருகிறேன், வேலை வாங்கித் தருகிறேன் என்று நகல் வாங்குவார்கள். ஏஐஎஸ்ஸில் அந்தப் பதிவை மறுப்பதோடு நிற்காதீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடினால் உங்கள் பெயரில் என்னென்ன பதிவு இருக்கிறது என்று தெரியும். நீங்கள் செய்யாத பதிவு இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி, அதை ஜிஎஸ்டி அலுவலகத்துக்கும் வருமான வரி மதிப்பீட்டு அதிகாரிக்கும் கொடுங்கள். இதில் தயங்கினால் கோடிக்கணக்கில் வரி கேட்டு நோட்டீஸ் வரும்வரை போகும்.

142(1), 143(2), 148ஏ

இந்த எண்கள் இருந்தால் ஆடிட்டரிடம் போய்விடுங்கள். 142(1) ஆவணம் கேட்கிறது, அல்லது ரிட்டர்ன் போடச் சொல்கிறது. பதில் இல்லையென்றால் 10,000 ரூபாய் அபராதம் உண்டு, அதிகாரி தன் கணிப்பிலேயே வரி போடவும் முடியும். 143(2) என்றால் உங்கள் ரிட்டர்னை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார்கள். 148ஏ, பழைய ஆண்டின் கணக்கை ஏன் மறுபடி திறக்கக் கூடாது என்று காரணம் கேட்கும் கடிதம். இன்னும் முடிவு எடுக்கவில்லை என்பதால் இந்தக் கட்டத்தில் கொடுக்கும் பதிலுக்கு மதிப்பு அதிகம். போகும் முன் நீங்களே ஒன்றைப் பார்க்கலாம். 143(2) நோட்டீஸை, ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் போட்ட ரிட்டர்ன் என்றால் 2025 ஜூன் 30. தேதி தாண்டியிருந்தால் ஆடிட்டரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

பதில் எழுதுவது எந்தக் கடிதத்துக்கும் ஒரே மாதிரிதான். டிஐஎன் எண், மதிப்பீட்டு ஆண்டு, எந்த வரிசை வேறுபடுகிறது, உங்கள் எண் ஏன் சரி, என்ன ஆதாரம் இணைத்திருக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள். ஆறே வாக்கியம் போதும். குடும்பக் கஷ்டம், நேர்மையாக வாழ்ந்த கதை எல்லாம் உண்மைதான், ஆனால் படிப்பவருக்கு அது உதவாது; வேண்டிய எண்ணை அது மறைத்துவிடும். பதில் ஏற்றியதும் வரும் ஒப்புகை எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 103 0025 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

கடிதமே வரவில்லை, ஆனால் ரீஃபண்டைப் பிடித்துவிட்டார்கள்

கடிதம் வந்திருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. பிரவுசிங் சென்டரிலோ தெரிந்தவர் மூலமோ ரிட்டர்ன் போட்டபோது அவர்களுடைய மெயிலையும் மொபைல் எண்ணையுமே கொடுத்திருப்பார்கள். நோட்டீஸ் எல்லாம் அங்கே போய், யாரும் திறக்காமல் கிடக்கும். தளத்தில் 'மை ப்ரொஃபைல்' திறந்து, தொடர்பு விவரத்தில் முதன்மை மொபைலும் மெயிலும் உங்களுடையவையா என்று இப்போதே பாருங்கள். இல்லையென்றால் மாற்றிவிட்டு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். அப்புறம் 'இ-ப்ரொசீடிங்ஸ்' பகுதியில் பழைய ஆண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, பதில் போடாமல் நிற்பது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.